இத்தனை முடிவுகளுக்குள் விடுபட்ட ஒரு முடிவு

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

தவணைப் பரீட்சை முடிந்து, விடுமுறை விடுவதற்கு இடைப்பட்ட நாட்களில் வகுப்பில் பாடம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். இந்த முறை தரம் 10 பிள்ளைகள் படம் போடச் சொல்லி ஒரே கரைச்சல். நானும் சம்மதித்து, 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' வரிசையின் மூன்றாவது படமான 'த ரிட்டர்ன் ஒஃப் த கிங்' படத்தை இரண்டு நாட்களாகப் பிரித்துப் போட்டுக் காட்டினேன்.

வெள்ளை நகரத்துக்கு முன்னால் நடக்கும் அந்தப் பெரிய யுத்தம் வந்தது. தெற்குத் திசையிலிருந்து வீடளவு உயரமான யானைகளில் ஒரு படை வருகிறது. தலையிலும் முகத்திலும் துணி சுற்றிய மனிதர்கள். வகுப்பே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தபோது, பின்வாங்கில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

"சேர், யானையில வாற ஆக்கள் எந்த நாடு? பார்த்தா நம்மட பக்கத்து ஆக்கள் மாதிரி இருக்காங்க. ஏன் அவங்க கெட்டவங்கட பக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அது கற்பனைக் கதை மகன், பாருங்க" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. வரலாறு படிப்பிக்கிற ஒருவன் சொல்ல வேண்டிய பதில் அதுவல்ல.

அதைவிட, எனக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. இந்தப் படம் வந்த காலத்தில் எனக்கு 14 வயது. மாமா வீட்டில், இரண்டு சீடிகளில், கீழே எழுத்து ஒன்றும் இல்லாமல், ஆங்கிலம் பாதி விளங்கியும் விளங்காமலும் பார்த்தோம். வில்வீரன் லெகோலஸ் தனி ஆளாக ஒரு யானையில் ஏறி, அதன் மேல் இருந்தவர்களையெல்லாம் விழுத்தி, யானையையும் சாய்க்கும் இடத்தில் நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். உலகம் முழுவதும் தியேட்டர்களில் கை தட்டிய இடம் அது. அந்த யானையில் இருந்தவர்கள் யார் என்று நான் கேட்கவில்லை. என் மாணவன் கேட்டுவிட்டான்.

ஆகவே, அந்தப் படத்தை உலகம் எப்படிப் பார்த்தது என்பதை ஒரு வரலாற்றுப் பாடமாகவே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், கதை வந்த கதை

எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். முதலாம் உலக யுத்தத்தில், 1916இல், பிரான்சின் சோம் போர்முனையில் இருந்தவர். பதுங்கு குழிகளில் பேனால் பரவிய காய்ச்சல் பிடித்து நாடு திரும்பினார். 1918ஆம் ஆண்டாகும்போது தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் இறந்துவிட்டிருந்தார்கள் என்று பின்னர் அவரே எழுதினார்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பெரும்பகுதி எழுதப்பட்ட நாவல் இது. ஒரே புத்தகமாக வர வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். யுத்தத்துக்குப் பிந்திய கடதாசி விலையில் அது சரிவரவில்லை. வெளியீட்டாளர்கள் மூன்றாகப் பிரித்து 1954இலும் 1955இலும் வெளியிட்டார்கள். கடைசிப் பகுதிக்கு 'அரசன் திரும்புகிறான்' என்ற கருத்தில் பெயர் வைத்ததும் அவருக்குத் திருப்தியில்லை. முடிவைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டால் வாசிப்பவனுக்கு என்ன மிச்சம் என்பது அவருடைய கவலை.

நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் ஜெக்சன் மூன்று படங்களையும் தன் நாட்டில் ஒரே மூச்சில் எடுத்தார். 1999 ஒக்டோபரில் தொடங்கி 2000 டிசம்பர் வரை, 274 நாட்கள் படப்பிடிப்பு. ஆனால் வெளியிட்டது வருடத்துக்கு ஒன்றாக, 2001, 2002, 2003 டிசம்பர் மாதங்களில். கதை பாதியில் நிற்க, அடுத்த டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும். மூன்றாவது படத்துக்குக் கிடைத்த வரவேற்பை விளங்க வேண்டுமென்றால் இந்தக் காத்திருப்பை மறக்கக் கூடாது.

படத்துக்குள் இருந்த சனம்

2003 டிசம்பர் 1ஆம் திகதி, இறுதிப் படத்தின் உலக முதற்காட்சி வெலிங்டன் நகரின் எம்பசி தியேட்டரில் நடந்தது. தியேட்டர் கூரையில் படத்தில் வரும் பறக்கும் மிருகத்தின் பிரமாண்டமான உருவம். வீதியின் இரு பக்கமும் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். வெலிங்டன் மாநகரத்தின் சனத்தொகையே அப்போது இரண்டு இலட்சத்தை எட்டவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஏன் அவ்வளவு கூட்டம்? அவர்களுக்கு அது தங்களுடைய படம். கறுப்பு வாயிலுக்கு முன்னால் இறுதிப் போருக்கு அணிவகுத்து நிற்பவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் நியூசிலாந்து இராணுவத்தினர்.

கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு செய்தி. 2002இல் வெலிங்டன் மைதானத்தில் இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டி. இடைவேளையில் ஜெக்சன் மைதானத்துக்குள் இறங்கினார். அரக்கர்களின் மொழிச் சொற்களைப் பெரிய திரையில் எழுதிக் காட்டி, சுமார் 25,000 பார்வையாளர்களைக் கத்தவும் உறுமவும் நெஞ்சில் அடிக்கவும் வைத்து ஒலிப்பதிவு செய்தார். இரண்டாவது படத்தில் அரக்கர் படையின் சத்தமாகக் கேட்பது அந்தக் கிரிக்கெட் இரசிகர்களின் குரல்தான். பார்வையாளன் படத்துக்கு வெளியே இருக்கிறான் என்று யார் சொன்னது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் டிசம்பர் 16ஆம் திகதி செவ்வாய்க்கிழமை, தெரிவு செய்த தியேட்டர்களில் முதல் இரண்டு படங்களின் நீண்ட வடிவங்களையும், இரவில் புதிய படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினார்கள். மொத்தம் பத்து மணித்தியாலத்துக்கும் அதிகம். தலையணையோடும் சாப்பாட்டோடும் வந்து இருந்து பார்த்தார்கள்.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். உலக வசூல் 100 கோடி டொலரைத் தாண்டியது. அதற்கு முன் அந்த எல்லையைத் தாண்டியது 'டைட்டானிக்' மட்டும்தான். 2004 பெப்ரவரி 29ஆம் திகதி ஒஸ்கார் விழாவில் 11 பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு 11ஐயும் வென்றது. 'பென்-ஹர்', 'டைட்டானிக்' படங்களின் சாதனைக்குச் சமம். மாயாஜாலக் கற்பனைப் படமொன்று சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வென்றது அதுவே முதல் தடவை.

"இன்னும் முடியல்லையா?"

இனிக் குறைகளுக்கு வருவோம். சுவாரசியமே அங்குதான்.

படத்தின் நீளம் 3 மணித்தியாலம் 21 நிமிடம். மோதிரம் நெருப்பில் அழிந்து, தீமையின் கோபுரம் சரிந்த பிறகும் படம் முடியவில்லை. ஃப்ரோடோ கண் விழிக்கிறான். நண்பர்கள் கூடுகிறார்கள். அரசன் முடி சூடுகிறான். அந்த அரசனே நான்கு சின்ன மனிதர்களுக்கு முன்னால் தலை வணங்குகிறான். நால்வரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். சாம் கலியாணம் முடிக்கிறான். ஃப்ரோடோ கதையை எழுதி முடிக்கிறான். பிறகு துறைமுகத்தில் கப்பல், பிரிவு. கடைசியில் சாம் தன் வீட்டுக் கதவைச் சாத்துகிறான். நடுவில் திரை மங்கும் ஒவ்வொரு முறையும் சனம் முடிந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு எழும்பியது, மறுபடியும் இருந்தது. "எத்தனை முடிவு வைத்திருக்கிறார்கள்?" என்பது இந்தப் படத்தைப் பற்றிய நிரந்தரப் பகிடியாகிவிட்டது.

அதே நேரம் புத்தகத்தை வாசித்தவர்களுடைய குறை நேர்மாறாக இருந்தது. "ஒரு முடிவைக் காணவில்லை!" புத்தகத்தில் நால்வரும் ஊர் திரும்பும்போது ஊர் பழைய ஊராக இல்லை. மரங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன, அடாவடிக்காரர்கள் ஆட்சி செய்கிறார்கள். தங்கள் ஊரை மீட்க அவர்கள் இன்னொரு முறை போராட வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதி ஆரம்பத்திலேயே திட்டமிட்ட, கதைக்கு அத்தியாவசியமான பகுதி என்று டோல்கீன் எழுதியிருக்கிறார். படத்தில் ஊர் பச்சைப் பசேலென்று அப்படியே இருக்கிறது.

சூனியக்காரன் சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீயின் காட்சிகள் தியேட்டர் வடிவத்தில் முழுமையாக வெட்டப்பட்டன. டோல்கீனை நேரில் சந்தித்தவர், வருடந்தோறும் அந்த நாவலைத் திரும்ப வாசித்தவர் அவர். மனம் வருந்தி முதற்காட்சிக்குப் போகவில்லை. இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் இணையத்தில் கையொப்பமிட்டார்கள். அடுத்த வருடம் வந்த நீண்ட வடிவத்தில் அந்தக் காட்சி சேர்க்கப்பட்டது.

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் 2012இல் பிரெஞ்சுப் பத்திரிகை 'லெ மொன்ட்' மூலம் தன் மனதைத் திறந்தார். வாப்பாவின் புத்தகத்தின் உள்ளடக்கத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு இளவட்டங்களுக்கான சண்டைப் படமாக்கிவிட்டார்கள் என்பது அவர் கருத்து.

எனக்கு அந்த நீண்ட முடிவுகளில் பிடித்தது ஒரு சின்னக் காட்சி. ஊர் திரும்பிய நால்வரும் பழைய சத்திரத்தில் ஒரு மேசையில் இருக்கிறார்கள். சுற்றிவரச் சனம் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறது. இவர்கள் எங்கே போனார்கள், என்ன பட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். 14 வயதில் அந்த இடத்தில் எனக்கு அலுப்படித்தது. இப்போது தொண்டை அடைக்கிறது. யுத்தத்துக்குப் பிறகு வீடு திரும்புவது என்றால் என்னவென்று நம்முடைய மக்களுக்கு நான் விளக்கப்படுத்தத் தேவையில்லை.

25,000 பேரிடம் கேட்டார்கள்

பொதுவாகப் பார்வையாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வரலாற்றில் சான்று கிடைப்பதில்லை. அரசர்களின் கல்வெட்டு கிடைக்கும், அதை வாசித்த குடிமகனின் அபிப்பிராயம் கிடைக்காது. இந்தப் படத்துக்கு அது கிடைத்தது.

வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்ட்டின் பார்க்கர் என்ற ஆய்வாளரின் தலைமையில், இறுதிப் படம் வெளியான சமயத்தில் சுமார் 20 நாடுகளில், 14 மொழிகளில் வினாக்கொத்து கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ 25,000 பேர் நிரப்பிக் கொடுத்தார்கள். பங்கெடுத்த நாடுகளில் துருக்கியும் சீனாவும் கொலம்பியாவும் உண்டு. 2008இல் அது நூலாகவும் வந்தது.

"இது என்ன வகையான கதை?" என்று கேட்டு 12 விடைகள் கொடுத்திருந்தார்கள். காவியம், நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போர், யுத்தக் கதை, ஆபத்துக்குள்ளான தாய்மண், ஆன்மீகப் பயணம் என்று பல. மூன்று வரை தெரிவு செய்யலாம். இதில் கவனிக்க வேண்டிய விடயம், 'ஆன்மீகப் பயணம்' என்று குறித்தவர்களிடம்தான் படத்தை மிக ஆழமாக அனுபவித்தவர்கள் அதிகமாகக் காணப்பட்டார்கள். வாள் வீச்சைப் பார்க்க வந்தவர்களை விட, உள்ளே எதையோ தேடி வந்தவர்களுக்குப் படம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது.

இன்னொரு கேள்வியும் இருந்தது. கதை நடக்கும் அந்த உலகம் உங்களுக்கு எந்த இடம், எந்தக் காலம்? அதை வாசித்தபோது என் மாணவன்தான் நினைவுக்கு வந்தான். அவன் கேட்டதும் ஏறக்குறைய அதே கேள்விதான்.

யானையில் வந்தவர்கள்

அவர்கள் பெயர் ஹரட்ரிம். தெற்கு நாட்டவர்கள். கிழக்கிலிருந்தும் ஒரு படை வருகிறது. இரண்டும் தீய சக்தியான சௌரோனின் பக்கம். நல்லவர்கள் எல்லோரும் மேற்கு. இதைப் பற்றி 2002, 2003 காலத்திலேயே பிரித்தானியப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. நல்லவர்கள் வெள்ளையாகவும் கெட்டவர்கள் கறுப்பாகவும் இருப்பது தற்செயலா என்று கேட்டார்கள்.

காலத்தையும் பாருங்கள். பிரதான படப்பிடிப்பு முடிந்தது 2000 டிசம்பரில். சனம் பார்த்தது 2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு. இறுதிப் படம் வந்தபோது ஈராக்கில் யுத்தம். எடுத்தவர்கள் நினைக்காத அர்த்தங்கள் பார்த்தவர்களின் கண்ணில் ஏறிவிட்டன.

நடித்தவர்களே இரண்டு பக்கம் நின்றார்கள். அரசன் அரகோர்னாக நடித்த விகோ மோர்டென்சன், 2002 டிசம்பரில், எண்ணெய்க்காக இனி இரத்தம் வேண்டாம் என்ற வாசகத்தைச் சட்டையில் எழுதிக்கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியில் தோன்றினார். எங்கள் படத்தை வைத்து அந்த யுத்தத்தை நியாயப்படுத்தாதீர்கள் என்பது அவர் நிலைப்பாடு. குள்ளன் கிம்லியாக நடித்த ஜோன் ரைஸ்-டேவிஸ், இறுதிப் படம் வெளியான காலத்தில், மேற்கத்திய நாகரிகம் ஆபத்தில் இருக்கிறது என்று பேசினார். ஐரோப்பாவில் முஸ்லிம்களின் சனத்தொகை கூடுவதை அதற்குச் சான்றாகக் காட்டினார். யானை விழுந்ததும் பக்கத்தில் நின்று பகிடி விடுபவர் இந்தக் கிம்லிதான். ஒரே படப்பிடிப்பில் சேர்ந்து நின்ற இரண்டு பேர், ஒரே கதையிலிருந்து எடுத்தது இரண்டு வேறு பாடங்கள்.

எழுதியவர் என்ன சொன்னார்? நாவலின் இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன், இது எந்த யுத்தத்துக்கும் உருவகமல்ல என்று மறுத்தார். உருவகம் என்றால் எழுதியவன் வாசகனைத் தன் கருத்துக்குள் அடைத்துவிடுகிறான். வாசகன் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்பது வேறு, அது வாசகனின் சுதந்திரம் என்பது அவர் விளக்கம். ஆகவே என் மாணவனுக்கும் அந்தச் சுதந்திரம் இருக்கிறது. "கற்பனைக் கதை, பார்" என்று வாயை அடைக்க எனக்கு உரிமையில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். 1938இல் ஜேர்மன் வெளியீட்டாளர்கள் டோல்கீனிடம் அவர் ஆரிய இனத்தவரா என்று கேட்டபோது, கடும் கோபத்தோடு பதில் வரைந்தவர் அவர். அவருடைய நாவலில் ஓர் இடம் இருக்கிறது. தெற்கு நாட்டு வீரன் ஒருவன் அம்பு பட்டு சாமுக்குப் பக்கத்தில் விழுந்து இறக்கிறான். சாம் அவனைப் பார்த்து யோசிக்கிறான். இவன் பெயர் என்ன? உண்மையிலேயே கெட்டவன்தானா? எந்தப் பொய்யைச் சொல்லி, எந்தப் பயத்தைக் காட்டி இவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்தார்கள்? பதுங்கு குழியில் இருந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும் என்று எனக்குப் படுகிறது. இரண்டாவது படத்தில் இந்த யோசனையை ஃபரமீர் என்ற தளபதியின் வாயில் வைத்தார்கள். ஆனால் அது நீண்ட வடிவத்தில் மட்டும். தியேட்டரில் பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. புத்தகத்தில் அரகோர்ன் முடி சூடிய பிறகு, சரணடைந்த கிழக்கு நாட்டவர்களுக்கு மன்னிப்புக் கொடுத்து விடுதலையாக அனுப்புகிறான். தெற்கு நாட்டு மக்களோடு சமாதானம் செய்கிறான். சௌரோனின் அடிமைகளாக இருந்தவர்களை விடுவித்து அவர்களுக்கு நிலம் கொடுக்கிறான்.

படத்தில் அது இல்லை. இத்தனை முடிவுகள், இத்தனை முறை திரை மங்கி வெளிச்சம் வந்தும், யானையில் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்ற முடிவு மட்டும் விடுபட்டுப்போனது. தியேட்டரில் முடிவு கூடிவிட்டது என்று முறைப்பட்டவர்கள் ஒரு பக்கம். ஊரை மீட்ட கதை எங்கே என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். என் மாணவன் தேடியது இரண்டு பக்கத்தாரும் பெரிதாகக் கேட்காத மூன்றாவது ஒன்றை.

கடைசி நாள்

விடுமுறைக்கு முந்திய நாள் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். முதலில் அந்த மாணவனிடம், "அன்றைக்கு உங்கட கேள்விக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லல்ல" என்றேன். பிறகு சாமின் யோசனையையும் அரகோர்னின் சமாதானத்தையும் என் சொல்லில் கரும்பலகையில் எழுதினேன்.

அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ஏன் சேர் அதப் படத்துல போடல்ல?" என்று கேட்டான்.

நான் வாய் திறக்கும் முன் முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: "சண்டைய பார்க்கத்தானே ஆக்கள் காசு குடுக்கிறாங்க."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையில் இருந்த வரலாற்றுப் பாடநூலைத்தான் பார்த்தேன். யுத்தத்துக்குப் பக்கம் பக்கமாக விபரம். யார் படையெடுத்தார், எத்தனையாம் ஆண்டு, யார் வென்றார் என்று பரீட்சையில் கேள்வியும் வரும். சமாதானத்துக்கு ஒரு வரி. தோற்ற பக்கத்துச் சிப்பாய் எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்பதற்கு அந்த ஒரு வரியும் இல்லை. நானும் பன்னிரண்டு வருடமாக அப்படியேதான் படிப்பித்து வருகிறேன். அடுத்த தவணையிலிருந்து ஒவ்வொரு யுத்தப் பாடத்தின் முடிவிலும், "பிறகு அவர்களுக்கு என்ன நடந்தது?" என்று ஒரு கேள்வி சேர்ப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

படத்தை வெறுக்கச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் விருப்பமான படம். பிள்ளைகளோடு பார்க்கும்போது அவர்கள் எந்த இடத்தில் கை தட்டுகிறார்கள், எந்த இடத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். பேசாமல் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கேள்வி இருக்கலாம்.

நீங்கள் இந்தப் படத்தை முதலில் எங்கே, யாரோடு பார்த்தீர்கள்? அந்த யானைகள் வந்தபோது என்ன நினைத்தீர்கள்? நேரமிருந்தால் எழுதுங்கள். விடுமுறை முடிந்ததும் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.